பி.எஸ்சி. முடித்தாயிற்று, எம்.எஸ்சி. சேரலாமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். என்னிடம் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் மூன்று வருடம் கழித்து மே மாதத்தில் மறுபடி வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ஐந்து செமஸ்டர் மார்க் ஷீட் இருக்கும், ஆறாவது இன்னும் வந்திருக்காது. வாசல் படியில் உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். “டீச்சர், எம்.எஸ்சி. சேரட்டுமா, வேலைக்குப் போகட்டுமா?”

பதில் ஆளுக்கு ஆள் மாறும். அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கிற வழி மட்டும் பெரிதாக மாறுவதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது வேதியியல் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். இயற்பியல், கணிதம், தாவரவியல் படித்தவர்கள் பாடத்தின் பெயரை மாற்றிக்கொண்டால் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

வேலையிலிருந்து பின்னால் வாருங்கள்

நாம் வழக்கமாகச் செய்வது என்ன? முதலில் படிப்பில் சேர்கிறோம், முடித்த பிறகு “இதுக்கு என்ன வேலை இருக்கு” என்று தேடுகிறோம். நானும் 2009இல் அப்படித்தான் எம்.எஸ்சி. சேர்ந்தேன். வகுப்பில் எல்லாரும் சேர்ந்தார்கள், நானும் சேர்ந்தேன். இப்போது பிள்ளைகளிடம் இதைத் திருப்பிப் போட்டுச் செய்யச் சொல்கிறேன்.

ஒரு நோட்டில் மூன்று வேலைகளின் பெயரை எழுதுங்கள். “கவர்ன்மென்ட் வேலை”, “நல்ல கம்பெனி” என்றெல்லாம் எழுதக் கூடாது. பதவியின் பெயராக இருக்க வேண்டும்: முதுகலை ஆசிரியர், குரூப் 2ஏ உதவியாளர், வங்கி அதிகாரி, மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேதியியலர், கல்லூரி உதவிப் பேராசிரியர், இப்படி. பிறகு ஒவ்வொன்றுக்கும் கடைசியாக வந்த அறிவிக்கையை அந்தந்தத் தளத்தில் பி.டி.எஃப். ஆக இறக்கி, “கல்வித் தகுதி” என்ற பகுதியை மட்டும் முழுதாகப் படியுங்கள். வயது வரம்பையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். யூடியூபில் யாரோ சொன்னது, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது எதுவும் இதற்கு ஈடாகாது.

இப்படிப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அசந்துபோகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, 2ஏ பதவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். எம்.எஸ்சி. இருந்தால் ஒரு மார்க்கூட அதிகம் கிடைக்காது. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸுக்கும் ஒரு பட்டம் போதும். வங்கி அதிகாரித் தேர்வுக்கும் அதேதான், அதோடு அங்கே பொதுப் பிரிவுக்கு வயது உச்சவரம்பு 30. உங்கள் நோட்டில் உள்ள மூன்றும் இந்த வகை என்றால், எம்.எஸ்சி.யில் போகிற இரண்டு வருடம் தேர்வுக்குத் தயாராகும் காலத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. “படிச்சுக்கிட்டே குரூப் 2வுக்கும் தயாராகிறேன் டீச்சர்” என்பார்கள். ஆய்வக நாட்கள், ரெக்கார்டு, இன்டர்னல், செமினார் எல்லாம் வந்த பிறகு அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அப்படி இரண்டையும் சேர்த்து முடித்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் காலை நாலரைக்கு எழுந்தவர்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பள்ளியிலிருந்து அந்தப் பதவிக்குக் கேட்கப்படும் படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருந்தால்தான் அது கிடைக்கும். பி.எஸ்சி. வரை தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குப் பட்டப்படிப்பு கேட்கும் பதவிகளில் இது பெரிய பலம். அதே பிள்ளை எம்.எஸ்சி.யை ஆங்கிலவழியில் முடித்துவிட்டு, முதுகலை கேட்கும் பதவிக்கு அந்த முன்னுரிமையைக் கேட்க முடியாது. சேருவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கான தகுதி 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. அதில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு இளங்கலையே போதும். வேதியியலுக்கு மட்டும் முதுகலை என்று போட்டிருக்கிறது. அதாவது பி.எஸ்சி. வேதியியலோடு அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவே முடியாது, எம்.எஸ்சி. வேதியியலோடு முடியும். பட்டம் பயன்படுமா என்ற கேள்விக்கு இப்படி ஒரு வரியில் பதில் இருக்கிறது. அந்த வரியைத் தேடிப் படிக்காமல்தான் ஊரெல்லாம் விவாதம் செய்கிறோம்.

ஆசிரியர் வேலைக்கு என்றால்

என்னிடம் வரும் பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் “உங்களை மாதிரி ஆகணும்” என்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அரசுப் பள்ளியில் இரண்டு கதவுகள். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். அதற்கு பி.எஸ்சி., பி.எட்., டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி, அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு. பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுப்பவர் முதுகலை ஆசிரியர். அதற்கு எம்.எஸ்சி., பி.எட்., நேரடியாக ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. இந்த நேரடி நியமனத்துக்கு டெட் கேட்பதில்லை.

சம்பளத்தைப் பாருங்கள். பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியருக்கு 36,900. இரண்டு வருடம் கூடுதலாகப் படித்ததற்கு மாதம் 500 ரூபாய்தான் வித்தியாசம். ஆகவே “சம்பளத்துக்காக எம்.எஸ்சி.” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். முன்பெல்லாம் அரசு ஆசிரியர்கள் மேலே படித்தால் ஊக்க ஊதிய உயர்வு என்று நிரந்தரமாகச் சம்பளம் கூடும். அதைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. “எம்.ஏ. முடிச்சா ரெண்டு இன்கிரிமென்ட்” என்று ஓய்வுபெற்ற சார்கள் சொல்வது அவர்கள் காலத்தில் உண்மை. உங்கள் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் எம்.எஸ்சி. எதற்கு? கதவு இரண்டாகிறது, அதற்குத்தான். எம்.எஸ்சி., பி.எட். இருப்பவர் டெட் தேர்ச்சியும் பெற்றிருந்தால் இரண்டு தேர்வுகளையும் எழுதலாம். தனியார் மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் டூ வகுப்பு கிடைக்கும், மாலையில் டியூஷன் எடுக்க முடியும். தேர்வு வராத வருடங்களில் இதுதான் சோறு போடும்.

தேர்வு வராத வருடங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதுகலை ஆசிரியர் தேர்வு வருடா வருடம் வருவதில்லை. நான் பி.எட். முடித்த பிறகு நடந்தவை 2013, 2015, 2017, 2019, 2022, 2025. நான் 2013இலும் 2015இலும் தேறவில்லை. 2017 ஜூலையில் எழுதியதில் கிடைத்தது. நடுவில் ஐந்து வருடம் ஒரு தனியார் பள்ளியில், தொடக்கத்தில் 6,500 ரூபாய்க்கு வேலை பார்த்தேன். எம்.எஸ்சி. இரண்டு வருடம், பி.எட். இப்போது இரண்டு வருடம் (என் காலத்தில் ஒரு வருடம்), அப்புறம் தேர்வுக்கான காத்திருப்பு. பி.எஸ்சி. முடித்த நாளிலிருந்து வேலை கைக்கு வர எனக்கு எட்டு வருடம் ஆனது. வீட்டில் அந்த எட்டு வருடத்தைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பேசாமல் சேர்ந்துவிட்டு மூன்றாவது வருடத்தில் அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குத் தாங்குவதில்லை.

தேர்வுத் தாளையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 150 கேள்வி. அதில் 110 பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு. கூடவே தமிழ்த் தகுதித் தாள் ஒன்று, அதில் 40 சதவீதம் வாங்கினால்தான் மற்றதைத் திருத்துவார்கள். அந்த 110 கேள்வியும் எம்.எஸ்சி. பாடத்திலிருந்து வருபவை. இரண்டு வருடமும் செமஸ்டருக்கு முதல் நாள் இரவு நோட்ஸ் படித்துத் தேறியவர்களுக்கு அந்தத் தாள் புரியாது. என் முதல் தோல்விக்குக் காரணம் அதுதான். கரிம வேதியியலில் வினைவழிமுறையை மனப்பாடம் செய்திருந்தேன், மூலக்கூறில் ஒரு தொகுதியை மாற்றிக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

பட்டத்தின் பெயரைப் பாருங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

எம்.எஸ்சி. படிக்கும்போது விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் தங்கை, வேறொரு பல்கலைக்கழகத்தில் நீளமான பெயருள்ள ஓர் எம்.எஸ்சி.யில் சேர்ந்தாள். பாடத்திட்டம் முக்கால்வாசி எங்களுடையதுதான். பெயர் மட்டும் புதுசு, கேட்க நன்றாக இருந்தது. பின்னால் ஓர் அரசு வேலைக்கான தேர்வில் கட்-ஆஃபுக்கு மேல் மார்க் வாங்கிச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனாள். “இந்தப் பட்டம் வேதியியலுக்கு இணையானது என்பதற்கு அரசாணை இருக்கிறதா?” என்று கேட்டார்கள். இல்லை. படித்த இடத்துக்குப் போய்க் கேட்டால், அந்த மாதிரி ஓர் ஆணை வேண்டும் என்பதே அங்கே தெரியவில்லை. இறுதிப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. பட்டத்தில் பத்து எழுத்து கூடுதலாக இருந்ததற்கு அவள் கொடுத்த விலை அது.

ஆகவே சேருவதற்கு முன்பு, அந்தக் கல்லூரியில் முன்பே முடித்த யாராவது ஒருவரின் பட்டச் சான்றிதழ் நகலைப் பாருங்கள். “எம்.எஸ்சி. வேதியியல்” என்று மட்டும் இருந்தால் நிம்மதி. முன்னாலோ பின்னாலோ வேறு சொல் ஒட்டியிருந்தால், இணையான கல்வித் தகுதி என்று அரசாணை வந்திருக்கிறதா என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட ஆணைகளில் தேடுங்கள். அரசு வேலை உங்கள் நோட்டில் இல்லையென்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தனியார் கம்பெனிகளில் பெயரைவிடக் கை வேலையைத்தான் பார்ப்பார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் என்று மாறினால் முதுகலை ஆசிரியர் பணியில் சிக்கல் வரும், இரண்டும் ஒரே பாடமாக இருப்பதுதான் பாதுகாப்பு. அதேபோலப் பத்து, பன்னிரண்டு, மூன்று வருடப் பட்டம், பிறகு முதுகலை என்ற வரிசை உடையக் கூடாது. இளங்கலை இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய முதுகலை அரசு வேலைக்குச் செல்லாது. அஞ்சல்வழி என்றால் யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த வருடத்துக்கு, அந்தப் பாடத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அதன் தளத்திலேயே பாருங்கள். அனுமதி உள்ள தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. ஆனால் ஆய்வகம் இல்லாமல் வேதியியலில் முதுகலை படிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மருந்து கம்பெனி, ஆராய்ச்சி

தனியார் பக்கம் போக நினைக்கிற பையன்களுக்கு இது. ஆலத்தூர், புதுச்சேரி, கடலூர், ஓசூர், அப்புறம் ஹைதராபாத், இங்கெல்லாம் மருந்து ஆலைகள் இருக்கின்றன. பி.எஸ்சி. முடித்தவர்களை உற்பத்தியிலும் தரக்கட்டுப்பாட்டிலும் டிரெய்னியாக எடுப்பார்கள். புது மூலக்கூறு தயாரிக்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்கு எம்.எஸ்சி. கேட்பார்கள், அதிலும் கரிம வேதியியல் எடுத்தவர்களுக்குத்தான் தேவை அதிகம்.

தரக்கட்டுப்பாடுதான் உங்கள் விருப்பம் என்றால், இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்த பி.எஸ்சி.க்காரரும், புதிதாக வெளியே வந்த எம்.எஸ்சி.க்காரரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதை என் பழைய மாணவர்களிடம் பார்க்கிறேன். ஒருவன் பி.எஸ்சி. முடித்த கையோடு ஆலைக்குப் போனான். இரண்டு வருடத்தில், மருந்தில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியை அவனே திறந்து அதன் பிரிப்புக் குழாயை மாற்றுவான், அளவீடு சரிபார்ப்பான், தணிக்கைக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்வான். அவனோடு படித்த இன்னொருவன் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அதே வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, கருவியைப் படத்தில்தான் பார்த்திருந்தான். அவன் கெட்டிக்காரன்தான். அவன் படித்த இடத்தில் கருவி பூட்டிய அறையில் இருந்தது.

ஆகவே எம்.எஸ்சி. சேரும் கல்லூரிக்கு ஒரு நாள் நேரில் போங்கள். சேர்க்கை அறையில் தரும் பளபளக்கும் தாளை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, ஆய்வகம் எங்கே என்று கேளுங்கள். இரண்டாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கருவியை உன் கையால் இயக்கினாய்? நான்காவது செமஸ்டர் புராஜெக்ட்டை எங்கே செய்தாய்? போன வருடம் முடித்த ஐந்து பேர் இப்போது என்ன செய்கிறார்கள்? மூன்றாவதற்கு அவர் பெயர் சொல்லிப் பதில் சொன்னால் நல்ல துறை. “எல்லாருக்கும் பிளேஸ்மென்ட் இருக்கு” என்று பொதுவாகச் சொன்னால் அந்த ஐந்து பேரில் ஒருவரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

புராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை. நமக்குப் பக்கத்தில் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னையில் தோல் ஆராய்ச்சி நிலையம். இந்த மாதிரி இடங்களில் ஆறு மாதம் புராஜெக்ட் செய்த பிள்ளைகள் திரும்பி வரும்போது பேச்சே மாறியிருக்கும். இரண்டு வருடப் படிப்பில் அந்த ஆறு மாதம்தான் பலருக்கு வேலை வாங்கித் தருகிறது. முதல் வருட முடிவிலேயே விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்க வேண்டும். நாற்பது அனுப்பினால் இரண்டு பதில் வரும், அது போதும்.

கல்லூரிப் பேராசிரியர், ஆராய்ச்சியாளர் என்று எழுதியிருப்பவர்களுக்கு மூன்று வருடப் பட்டத்தோடு நின்றால் வழி கிடையாது, எம்.எஸ்சி. வேண்டும். ஆனால் எம்.எஸ்சி. மட்டும் போதாது, நெட் (தேசியத் தகுதித் தேர்வு), செட் (மாநிலத் தகுதித் தேர்வு) அல்லது பிஎச்.டி. வேண்டும். அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், வருடத்துக்கு இருமுறை. அதில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் இல்லையென்றால் எழுதவே முடியாது, சில பிரிவினருக்கு 50. ஐம்பத்து நான்கில் நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். முதல் செமஸ்டரில் அலட்சியமாக இருந்ததுதான் காரணம். எம்.ஃபில். சேரலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். யு.ஜி.சி. 2022இலேயே அதை நிறுத்திவிட்டது. யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

நான்கு வருட ஹானர்ஸ்

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இப்போது நான்கு வருட ஹானர்ஸ் பட்டம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மூன்று வருடம்தான் வழக்கம். நான்காவது வருடம் இருந்தால் முதுகலையை ஒரே வருடத்தில் முடிக்க வாய்ப்புண்டு. நான்கு வருடத்தில் 75 சதவீதம் இருந்தால் முதுகலை இல்லாமலே ஜே.ஆர்.எஃப்.புக்கும் பிஎச்.டி.க்கும் நெட் எழுத 2024இலிருந்து விடுகிறார்கள். பதினாறு வருடப் படிப்பு கேட்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் உதவும். நம் ஊர் டி.என்.பி.எஸ்.சி., வங்கி வேலைக்கு அந்த நான்காவது வருடத்தால் எந்த லாபமும் இல்லை. ஆராய்ச்சிக்குப் போவது உறுதியென்றால் மட்டும் யோசியுங்கள்.

கணினி படித்தவர்களுக்கும் சுருக்கமாகவே சொல்கிறேன். என் தம்பி பி.எஸ்சி. கணினி அறிவியல். ஐ.டி.யில் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டங்கள் உண்டு. விப்ரோவில் அப்படி ஒன்று பல வருடமாக இருக்கிறது. பல வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அதை நிதானமாகப் படித்துவிட்டுச் சேர வேண்டும். எங்கள் வீட்டுக்கு அந்த மாதிரி வழிதான் பொருந்தியது, ஏனென்றால் அந்த நேரத்தில் என் சம்பளம் 6,500.

பணக் கணக்கு

போன வருடம் ஒரு பையன் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். ஒரு வேலையில் மாதம் 14,000 தருவதாகச் சொல்லியிருந்தார்கள். 24 மாதத்துக்கு 3,36,000. எம்.எஸ்சி.க்குக் கட்டணம், விடுதி, பஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 70,000, இரண்டு வருடத்துக்கு 1,40,000. ஆக எம்.எஸ்சி.யின் விலை 4,76,000. கட்டணத்தை மட்டும் பார்த்து “அதிகமில்லை” என்று நினைத்திருந்தவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே துறையில் உதவிபெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும், கட்டணம் ரொம்ப மாறும். எந்தப் பிரிவில் இடம் என்று ரசீது வாங்கும் முன் கேளுங்கள். இன்னொன்று, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வந்துகொண்டிருந்த ஆயிரம் ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அதை நம்பியிருக்கிற வீடுகள் நிறைய.

செலவைக் குறைக்க நல்ல வழி நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. மூன்றாம் வருடம் படிக்கும்போதே செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு, விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில். மே மாதத்தில் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இரண்டும் முடிந்துபோயிருக்கும். இதைப் படிக்கிறவர்கள் இரண்டாம் வருடத்தில் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம்.

மார்க்கும் பணமும் தாண்டி ஒன்று

வேலையைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். படிப்பின் மேல் உள்ள ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயில்துத்தம் ஏன் நீலம், சூடாக்கித் தண்ணீர் போனதும் ஏன் வெள்ளையாகிறது என்று பி.எஸ்சி.யில் நான் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். எம்.எஸ்சி.யில் படிகப்புலக் கொள்கையை எங்கள் மேடம் கரும்பலகையில் போட்டுக் காட்டிய அன்றுதான் அது புரிந்தது. தாமிர அயனியைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் அதன் ஆற்றல் மட்டத்தைப் பிரிக்கின்றன, அந்த இடைவெளிதான் நமக்கு நிறமாகத் தெரிகிறது. இன்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதை நடத்தும்போது, புத்தகம் பார்க்காமல் அவர்கள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. பாடம் உங்களை இப்படி இழுத்தால் அதுவும் ஒரு நியாயமான காரணம்தான். நோட்டில் அதையும் எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

பெண் பிள்ளைகள் சொல்லாமல் சொல்லும் காரணம் இன்னொன்று. மேலே படிக்கிறேன் என்றால் கல்யாணப் பேச்சு இரண்டு வருடம் தள்ளிப்போகும். இதைக் கேட்டு நான் ஒருநாளும் கோபித்ததில்லை. அந்த இரண்டு வருடம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தாலும், முடிவில் கையில் ஒரு வேலைக்கான தகுதி இருக்கும்படி சேருங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து அதே பேச்சு அதே இடத்திலிருந்து தொடங்கும், “இவ்வளவு படிச்சும் என்ன ஆச்சு” என்ற வார்த்தையும் சேர்ந்துகொள்ளும்.

போன மே மாதம் ஒரு பெண் அவள் அப்பாவோடு வந்தாள். அறந்தாங்கிப் பக்கம், அப்பா கொத்தனார். “பொம்பளப் புள்ளைக்கு இது போதும்னு நினைக்கிறேன் டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?” என்றார். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவள் நோட்டை வாங்கி அவர் முன்னால் விரித்தேன். முதல் வரியில் உணவுப் பாதுகாப்பு அலுவலர், இரண்டாவது முதுகலை ஆசிரியர், மூன்றாவது தரக்கட்டுப்பாட்டு வேதியியலர். மூன்றில் இரண்டுக்கு எம்.எஸ்சி. இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது என்று அறிவிக்கையின் வரியைக் காட்டினேன். செலவு எவ்வளவு, வேலை கிடைக்க எத்தனை வருடம் ஆகலாம், என் எட்டு வருடம், எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எட்டு வருசமா?” என்று ஒருமுறை கேட்டார். அப்புறம் அவளைப் பார்த்து, “மூணாவது வேலைக்கு இப்பவே போகலாம்ல? ஒரு வருசம் போய்ப் பாரு. அந்தக் காசுல சேரு” என்றார்.

அவள் இப்போது ஒரு ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். இரவு ஷிஃப்ட் இல்லாத நாட்களில் ஜாமுக்குப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, வெப்ப இயக்கவியலில் வரும் சந்தேகங்களைக் கேட்கிறாள்.